மகன்னு சொல்லும்மா

அன்புள்ள மகள் வசந்தாவுக்கு,

புந்தோங்கிலிருந்து அம்மா எழுதுகிறேன். மேலே இருக்கிற அந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது. மற்றதெல்லாம் தானாக வந்துவிடும், எனக்குப் பேச்சுக்கு என்றைக்குக் குறைச்சல். கடிதம் எழுதுகிறவர்கள் நலமாக இருக்கிறேன், உன் நலத்துக்குப் பதில் போடு என்று ஆரம்பிப்பார்கள். நான் நலமாக இல்லை. உன் நலத்தைக் கேட்டு அறிய எனக்கு விலாசமும் இல்லை. பழைய விலாசத்துக்குப் போட்டதெல்லாம் திரும்பி வந்துவிட்டது. அதனால் இதை ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்கு அனுப்பப் போகிறேன். எந்த ஊரில் இருந்தாலும் நீ ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பேப்பர் வாங்குவாய், சினிமாப் பக்கத்தைப் படித்து முடித்துவிட்டுத்தான் வாய் கொப்பளிப்பாய். இந்த மலேசியாவில் வசந்தாக்கள் நிறைய இருக்கிறார்கள். மற்ற வசந்தாக்கள் படித்துவிட்டு இது நமக்கில்லை என்று மடித்து வைக்கட்டும். நீ மட்டும் மடித்து வைத்துவிடாதே.

சரசுவைப் பெண் பார்க்கக் கோப்பெங்கிலிருந்து வந்தார்கள். நல்ல இடம். பையன் பஸ் கம்பெனியில் வேலை, குடி கிடையாது, பார்க்கவும் லட்சணமாக இருந்தான். அந்த இடம் தட்டிப்போயிற்று. தட்டிப்போனதற்குக் காரணம் என் வாயிலிருந்து வந்த ஒரு சொல். உன் தங்கை என்னோடு சரியாகப் பேசிப் பல நாள் ஆகிறது. அவளுக்கு நான் செய்தது நியாயமா, உனக்கு நான் செய்யாமல் விட்டது நியாயமா என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பட்டறையில் முறுக்கு பிழியும்போது கை பாட்டுக்கு வேலை செய்கிறது, மனசு அந்தச் சொல்லையே சுற்றிச் சுற்றி வருகிறது. உன்னிடம் சொல்லாமல் இது தீராது.

பத்து காஜா பக்கத்துத் தோட்டத்தில் நீ கைக்குழந்தையாக இருந்த காலத்தை நினைத்துக்கொள்கிறேன். விடியும் முன்னால் பெரட்டுக் களத்தில் வரிசை நின்று பெயர் கொடுக்க ஓட வேண்டும், அதற்கு முன்னால் உன்னை ஆயாக் கொட்டகையில் விட வேண்டும். உன் அப்பாவும் நானும் அடுத்தடுத்த நிரையில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டுவோம். பாலைக் கொண்டுபோய் ஸ்டோரில் ஊற்றிவிட்டு, கை கழுவியும் கழுவாமலும் கொட்டகைக்கு ஓடி வருவேன். ஆயாவிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, "அது அழுதுச்சா?" கொட்டகை முழுக்க சாரோங் தொட்டில்கள் தொங்கும், எல்லாத் தொட்டிலிலும் கிடந்தது அதுதான். அவனும் கிடையாது, அவளும் கிடையாது. அது சிரிச்சுச்சு, அது பால் குடிச்சுச்சு, அது இப்பதான் தூங்குச்சு எழுப்பாதே. நம் ஜனங்கள் பிள்ளையைக் கொஞ்சுவது அப்படித்தான். அந்த வயதில் உன்னைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தடுமாற்றமும் இருந்ததில்லை.

பிள்ளைகள் நடக்க ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாக அந்தச் சொல்லை விட்டு வெளியே போய்விடும். ஆண் பிள்ளை அவன் ஆகிவிடுவான், பெண் பிள்ளை அவள் ஆகிவிடுவாள். உன்னை நாங்கள் அவன் ஆக்கினோம். நீயும் முகம் சுளிக்காமல் கொஞ்ச காலம் அதில் இருந்தாய். அப்புறம் எழுபதுகளில், உனக்குக் குரல் உடைகிற வயதில், நம் லயத்து வரிசை வீடுகளின் தண்ணீர்க் குழாயில் ஒரு கூத்து நடக்கும். பொம்பளைப் பிள்ளைகள் ஒரு பக்கம் வாளியோடு வரிசை நிற்பார்கள், பையன்கள் இன்னொரு பக்கம். நீ போய் நேராகப் பொம்பளைப் பிள்ளைகளோடு நிற்பாய். யாரும் உன்னை அங்கே நிற்கச் சொல்லவில்லை, உனக்கும் அங்கே நிற்கிறோம் என்ற நினைப்பே இருக்காது. அங்கேதான் அந்தப் பழைய சொல் உன்னைத் தேடித் திரும்பி வந்தது. "அது வந்துருச்சு, வழி விடுங்கடா." அதற்குப் பிறகு மற்ற சொற்களும் வந்தன. ஒம்போது என்றார்கள், பொட்டை என்றார்கள், பக்கத்து மலாய்க் கம்பத்துப் பையன்களிடம் கற்றுக்கொண்டு வந்து போண்டான் என்றார்கள். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பயல்களை விரட்டியிருக்கிறேன். ஆனால் மற்ற சொல் எதுவும் என்னை இவ்வளவு குத்தவில்லை. அது என்றதுதான் குத்தியது, ஏனென்றால் அது என் சொல். நான் தொட்டிலுக்கு மேலே குனிந்து சொன்னதை அவர்கள் எடுத்துக்கொண்டு போய் உன் மேல் எறிந்தார்கள்.

உன் அப்பா இதைப் பற்றி என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசிக் காலத்தில் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். சோறு வேண்டுமா என்று கேட்பார், யாரிடம் கேட்கிறார் என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும். அவர் நெஞ்சு வலியில் போனதும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் இந்த ஒண்டு வீட்டைப் பிடித்தோம். நான் முறுக்கு, கடலை என்று கச்சாங் பூத்தே போடுகிற பட்டறையில் சேர்ந்தேன், நீ காலணித் தொழிற்சாலையில் சேர்ந்தாய், சரசு பள்ளிக்கூடம் போனாள். அங்கேயும் அதே பேச்சு வந்ததும் நீ கோலாலம்பூருக்குப் போய்விட்டாய். போகட்டும், பெரிய ஊரில் யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன். நிம்மதியாகக்கூட இருந்தது என்றால் உனக்குக் கோபம் வரும். இருந்தது.

ரெண்டு தீபாவளி கழித்து நீ சேலையில் வந்து வாசலில் நின்றாய். மாம்பழக் கலர் சேலை, கையில் பழக்கூடை. "உள்ள வா, வெயில்ல நிக்காதே" என்றேன். உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, வசந்தா என்று பெயர் வைத்துக்கொண்டதாகச் சொன்னாய். நான் கத்தினேன், அழுதேன், உன் அப்பா படத்தைக் காட்டி என்னென்னவோ கேட்டேன். நீ எழுந்து அடுக்களைக்குப் போய் மீன் கழுவ ஆரம்பித்தாய். மீன் குழம்பு கொதிக்கும்போது என் கோபமும் இறங்கிவிட்டது, எனக்கு எப்போதும் அப்படித்தானே. சாப்பிடும்போது நீ ஒன்று மட்டும் கேட்டாய். "அம்மா, பேசறப்ப அந்த டா மட்டும் வேணாம்மா."

சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் டாவை விட்ட இடத்தில் டி வர மறுத்தது. வாடா என்று இருபது வருஷம் பழகின நாக்கு, வாடி என்று திரும்பவில்லை. வெறும் வா என்றால் மொட்டையாக இருந்தது, யாரோ கடைக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி. நல்லவேளை, இந்த ஊரில் பிறந்ததால் யாரிடம் பேசினாலும் கடைசியில் ஒட்டிக்கொள்ள நமக்கு லா இருக்கிறது. "வா லா, சாப்பிடு லா, சும்மா இரு லா" என்று ஒப்பேற்றினேன். ரெண்டு மூன்று தடவை நீ வந்து போன பிறகுதான் கண்டுபிடித்தாய். "சரசுகிட்ட நீ டி போட்டுப் பேசுற. என்கிட்ட மட்டும் சீனன் கடையில பேசற மாதிரி லா போடுற" என்று சிரித்தாய். திட்டும்போது மட்டும் எனக்குக் கஷ்டமே இல்லை. எருமை, கழுதை, சனியன் எல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அதனாலோ என்னவோ அந்த வருஷங்களில் உன்னை நிறையத் திட்டியிருக்கிறேன்.

நீ எனக்கு எத்தனையோ விளக்கிச் சொன்னாய், என் மரமண்டையில் பாதிதான் ஏறியது. நீ மாறிப்போய்விட்டாய் என்று நான் அழுதபோது, "நான் மாறலம்மா. மாறிட்டேன்னு சொல்லாதே. நீங்க கூப்புடறதுதான் மாறணும்" என்றாய். உன் மாதிரி ஆட்களுக்கு நல்லதாக ஒரு பெயர் கிடையாதா என்று இன்னொரு தடவை கேட்டேன். கோலாலம்பூரில் உன் கூட்டத்தார் தங்களை மக் ஞா என்று சொல்லிக்கொள்வதாகச் சொன்னாய். மலாயில் மக் என்றால் அம்மா ஆயிற்றே, இங்கே அம்மா நான் ஒருத்தி இருக்கும்போது நீ எப்படி அம்மா என்று கேட்டுவிட்டேன். நீ தரையில் விழுந்து சிரித்தாய். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது மற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, நாங்களே எங்களுக்கு வைத்துக்கொண்டது, அதனால் அது சொன்னால் வலிக்காது என்றாய். அந்த ஒன்று எனக்கு நன்றாகப் புரிந்தது. தமிழில் அப்படி ஒன்று இருந்தால் எனக்குச் சொல் என்றேன். தேடிக்கிட்டு இருக்கோம்மா என்றாய்.

அந்தத் தடவைதான் பின்பக்கத்தில் நான் பேசியதை நீ கேட்டுவிட்டாய். பக்கத்து வீட்டுப் பாக்கியம் வேலியோரம் நின்று யார் வந்திருப்பது என்று விசாரித்தாள். அவள் பார்க்காமலா இருப்பாள், பார்த்துவிட்டுத்தான் கேட்டாள். நான் மூத்தவன் வந்திருக்கிறான், நாளைக்குப் போய்விடுவான் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். நீ துணி மடித்துக்கொண்டு இருந்தாய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"நேர்ல நீ நல்லாத்தான் பேசுறம்மா. நீங்கிற வார்த்தையில ஆம்பளயும் இல்ல, பொம்பளயும் இல்ல. நான் அந்தப் பக்கம் திரும்புனதும் அவனாயிடுறேன். ஒரே ஒரு தடவ, வேற ஆளுங்க முன்னால, என் மகன்னு சொல்லும்மா. போதும்."

எனக்கு எரிச்சல் வந்தது. "அதத்தானே இத்தன வருசமா சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். முதலில் உனக்கும் விளங்கவில்லை, அப்புறம் விளங்கியதும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. "மகன் இல்லம்மா. மக. மக." பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி வாயைத் திறந்து காட்டினாய். நானும் மக, மக என்று சொல்லிப் பார்த்தேன். தனியாகச் சொன்னால் சரியாக வருகிறது. என் மக-ன்னு என்று சேர்த்துச் சொன்னால் மகன்னு ஆகிவிடுகிறது, காதில் விழும்போது மகனும் மகளும் ஒரே சொல். நம் பேச்சுத் தமிழ் உனக்கு அந்த ஓரெழுத்தைக்கூட விட்டுவைக்கவில்லை என்று அன்றைக்கு ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நம் வீட்டில் கடைசியாகச் சிரித்தது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நீ கேட்டதை எனக்குச் செய்ய ஆசைதான், தைரியம்தான் இல்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். அவனும் வேண்டாம், அவளும் வேண்டாம், மரியாதையாக அவங்க என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். உனக்கும் குறையில்லை, ஊருக்கும் ஒன்றும் தெரியாது. மறு தடவை நீ வரப்போவதாகக் கடிதம் வந்ததும் பாக்கியத்திடம் சந்தோஷமாகச் சொன்னேன். "சனிக்கிழம அவங்க வாராங்க. அவங்களுக்குக் கோழி புடிக்கும், நல்லதா ஒண்ணு வாங்கணும்." பாக்கியத்தின் முகம் வெளிறிப்போய்விட்டது. எனக்கு அப்புறம்தான் உறைத்தது. கட்டினவள் அவங்க என்றால் புருஷனைத்தானே சொல்கிறாள், என் புருஷன் செத்து எத்தனை வருஷம் ஆயிற்று. அன்று சாயங்காலமே கோவிலிலிருந்து விபூதி கொண்டுவந்து என் நெற்றியில் பூசிவிட்டு, பூசாரி ஒருத்தர் விலாசத்தையும் கொடுத்துவிட்டுப் போனாள். நீ வந்ததும் இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று வைத்திருந்தேன்.

சொல்ல முடியவில்லை. நீ வரும்போதே காய்ச்சலோடு வந்தாய். கோழி வாங்கியது வாங்கியபடி கிடந்தது. மறுநாள் உடம்பு அனலாகக் கொதித்து, கண் சொருகிப்போய், பக்கத்துக் கடைக்காரர் வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழித்துணைக்கு என்று பாக்கியமும் ஏறிக்கொண்டாள். வேனில் போகும்போதே எனக்குத் தெரியும், அங்கே என்ன கேட்பார்கள் என்று. உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உனக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று நினைத்தேன்.

கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்து உன்னை வரிசையில் நிறுத்தினார்கள். பின்னால் நம் ஜனங்கள் நிறையப் பேர் நின்றார்கள், பாக்கியம் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். மேசையில் பெயர் எழுதிக்கொள்ள ஒரு தமிழ் நர்ஸ் மிஸ்ஸி. நல்ல பெண்தான், அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். உன் சேலையைப் பார்த்தாள், உன் அடையாளக் கார்டைப் பார்த்தாள், மறுபடி உன்னைப் பார்த்தாள். எந்த வார்டு என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

"இது யாரும்மா உங்களுக்கு?"

"என் மகன்னு எழுதிக்குங்க மிஸ்ஸி."

சொல்லிவிட்டேன் வசந்தா. எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். மிஸ்ஸி தலையை ஆட்டினாள். "மகன். சரி" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். கார்டில் இருந்ததும் அவள் காதில் விழுந்ததும் பொருந்திப்போய்விட்டது. ஆண்கள் வார்டு எந்தப் பக்கம் என்று தள்ளுகிறவனுக்குக் கை காட்டினாள்.

அப்போது நீ கண்ணைத் திறந்தாய். தூங்குகிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். என்னையே பார்த்தாய். எனக்கு நன்றாகத் தெரியும் நீ எதற்குக் காத்துக்கொண்டிருந்தாய் என்று. மகன் இல்லை மிஸ்ஸி, மக, மக என்று நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நீயே எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். பின்னால் யாரோ இருமினார்கள். பாக்கியம் என் கையைப் பிடித்து அப்பாடா என்கிற மாதிரி லேசாக அழுத்தினாள். நான் உன் போர்வையை இழுத்துக் கால் வரைக்கும் சரிசெய்தேன். அதற்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த வார்டில் நீ பட்டதை நான் இங்கே எழுத மாட்டேன், பேப்பர்காரர்களும் போட மாட்டார்கள். அடுத்த கட்டில்காரர்களைப் பார்க்க வந்தவர்களெல்லாம் உன்னைப் பார்க்க வந்தார்கள் என்பது மட்டும் போதும். சரசு கஞ்சி கொண்டுவந்தால் சுவரைப் பார்த்தபடியே குடித்தாய். காய்ச்சல் இறங்கி வெளியே விட்ட அன்று, வீட்டுக்கு வரவில்லை, இப்படியே பஸ் ஏறுகிறேன் என்றாய். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் உன் பின்னாலேயே வந்தேன். கடைசியில் தாங்க மாட்டாமல், அன்றைக்கு நான் மிஸ்ஸியிடம் சொன்னது உனக்குக் கேட்டதா என்று கேட்டேன்.

"கேட்டுச்சும்மா" என்றாய். "மகன்னு சொன்னே."

பஸ்ஸில் ஏறிவிட்டாய். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாய், கையைக்கூட ஆட்டினாய். நீ எதைச் சொன்னாய் வசந்தா? அம்மா என்னை மகன் என்று சொல்லிவிட்டாள் என்றா? நீ மகள் என்று சொன்னது எனக்குக் கேட்டது, அது போதும் என்றா? அன்றையிலிருந்து அந்த ரெண்டு வார்த்தையை உருட்டி உருட்டிப் பார்க்கிறேன். உன் குரலில் கோபம் இருந்ததா என்று நினைத்துப் பார்த்தால் சில நாள் இருந்த மாதிரி இருக்கிறது, சில நாள் இல்லாத மாதிரி இருக்கிறது. நானும் மிஸ்ஸியிடம் எதைச் சொன்னேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மகள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பொண்ணு என்று சொல்லியிருக்கலாமே, அதில் குழப்பமே கிடையாதே. எப்படிக் கேட்டாலும் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் என் நாக்கு அந்தச் சொல்லைப் பார்த்துப் பொறுக்கியதா?

கடிதங்கள் திரும்பி வந்ததும் உன்னைத் தேடிக் கோலாலம்பூருக்கு வந்தேன். நீ வாடகைக்கு இருந்த வீட்டு மலாய்க்காரம்மா என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். டியா வீடு மாறிப் போய்விட்டது, டியா எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை, டியா நல்ல பிள்ளை, டியா சமைத்தால் எனக்கும் கொடுக்கும் என்று மலாயில் சொல்லிக்கொண்டே போனாள். அவள் பேச்சில் அவனும் அவளும் ஒரே சொல்தான், டியா. இவ்வளவு சுளுவாக ஒருத்தி உன்னைப் பற்றிப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் டியா, டியா என்று சொல்லிப் பார்த்தேன். சுகமாகத்தான் இருந்தது, ஆனால் நீ என்னிடம் கேட்ட சொல் அது இல்லையே.

இப்போது சரசு விஷயத்துக்கு வருகிறேன். கோப்பெங்காரர்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பாக்கியமும் ஒத்தாசைக்கு வந்திருந்தாள். பையனின் அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தரகர் ஒரு பையன், ஒரு பொண்ணு என்று சொன்னாரே, மூத்தவர் என்ன செய்கிறார் என்று கேட்டாள். கோலாலம்பூரில் வேலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த பேச்சு நகைக்குப் போயிருக்கும். எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. அந்த அம்மாள் மேசைக்கு அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருந்த மிஸ்ஸி மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ரெண்டும் பொண்ணுங்க" என்றேன். "மூத்தவ பேரு வசந்தா."

பாக்கியம் வாயைத் திறந்தாள், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். மூத்தவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். எங்கே இருக்கிறாள் என்று கேட்டார்கள். அதற்கும் உண்மையைத்தான் சொன்னேன், தெரியவில்லை என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மரியாதையான மனிதர்கள், காப்பியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். அப்புறம் தரகர்தான் வந்து சொன்னார், அக்காக்காரி ஓடிப்போன வீட்டில் பெண் எடுக்க அவர்களுக்கு யோசனையாக இருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் சொல்லாத சொல்லை அன்றைக்குச் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் சரியாகக் கேட்டார்கள், ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. அதன் பலன் உன்னை ஓடுகாலி ஆக்கியதும், உன் தங்கையைக் கண்ணீரோடு உட்காரவைத்ததும்தான்.

சரசு அவர்கள் குடித்த கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கத்துவாள், பாத்திரத்தை எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உன்னை மாதிரி, கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். "இத அன்னிக்கே மிஸ்ஸிகிட்ட சொல்லியிருந்தா அக்கா நம்மகூட இருந்துருக்கும்மா. இன்னிக்கு சொல்லி யாருக்கு என்னா ஆச்சு?" என்றாள். அக்கா இருந்துருக்கும் என்றாள், கவனித்தாயா? அக்கா வந்துச்சு, அக்கா போச்சு என்றுதான் நம் வீடுகளில் சொல்வோம். குழாயடிப் பயல்கள் உன்மேல் எறிந்த அதே அதுதான் அவள் பேச்சில் இருந்தது, ஆனால் முன்னால் அக்கா என்ற ஒரு சொல் நின்றதால் அது யாரையும் குத்தவில்லை. என்னைத் தவிர.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை, ஆனாலும் அம்மா வாய் சும்மா இருக்காது. காய்ச்சல் வந்தால் தனியாகப் படுத்துக்கிடக்காதே, கூட இருக்கிறவர்களிடம் சொல். மழைக்காலத்தில் உனக்கு நெஞ்சுச் சளி கட்டும், கற்பூரவள்ளி கிடைத்தால் கஷாயம் வைத்துக் குடி. உன்னை யார் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை, உனக்கு வலிக்காத பெயருக்கு மட்டும் திரும்பு. தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாயே, அந்த நல்ல தமிழ்ச் சொல் கிடைத்துவிட்டதா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. எனக்கு முழங்கால் இப்போது மடங்குவதில்லை, பட்டறையில் ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சரசுவுக்கு வேறு இடம் பார்க்கிறோம். வருகிறவர்களிடம் இன்னமும் ரெண்டும் பெண் என்றுதான் சொல்லப் போகிறேன், அவளிடமும் சொல்லிவிட்டேன்.

நீ வந்தால் நான் உன்னிடம் நீ என்றுதான் பேசுவேன். மகள், அவள் என்பதெல்லாம் ஆள் பக்கத்தில் இல்லாதபோது பேசுகிற சொல். நீ கேட்டதோ அதைத்தான், உன் முதுகுக்குப் பின்னால் நான் பேசுவதைத்தான் நீ திருத்தச் சொன்னாய். இப்போது அதற்கு ஒரு தடையும் இல்லை, நாள் முழுக்க உன் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறேன். பட்டறையில் மூத்தவள் நன்றாகச் சமைப்பாள் என்கிறேன், மூத்தவளுக்கு மாம்பழக் கலர் எடுப்பாக இருக்கும் என்கிறேன். மகள் என்று கடைசி எழுத்தை அழுத்திச் சொல்கிறேன், யாருக்கும் மகன் என்று காதில் விழக் கூடாது என்று. வாத்தியாரம்மா மாதிரி பேசுகிறேன் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்கிறார்கள். பாக்கியத்துக்குக்கூடப் பழகிவிட்டது. நேற்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள், "ஒன் மூத்த மககிட்டேருந்து ஏதும் தகவல் வந்துச்சா?"

இல்லை என்றேன்.

அம்மா